எமது கூட்டக் குறிப்பேடுகளும் அவற்றை எழுதிய மையும்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, மருத்துவம் சம்பந்தமாக ஏதாவது தருவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் படம்பிடித்துத் தரும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. மூன்று தடித்த புத்தகங்கள். அவற்றை மேசையில் விரித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியபோது, சங்கத்தின் வரலாற்றோடு மையின் வரலாறும் அந்தப் பக்கங்களில் இருப்பதைக் கண்டேன்.

முதலாவது புத்தகம் முழுவதும் தொட்டெழுதும் பேனையால் எழுதப்பட்டது. எழுத்துகள் நல்ல கறுப்பு. சில இடங்களில் மட்டும் துருவின் நிறம். இரண்டாவது புத்தகமும் பெரும்பகுதி அப்படியே. ஆனால் ஐம்பதுகளின் நடுப்பகுதியில் மூன்று ஆண்டுகளுக்குரிய பக்கங்களில் எழுத்தே இல்லை. வெளிறிய நீல நிறம் தாள் முழுவதும் பரவிக் கிடக்கிறது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் தலைவியின் கையொப்பமும் திகதியும் மட்டும் கறுப்பாக, தெளிவாக நிற்கின்றன. எதற்குக் கையொப்பம் இட்டார் என்பது போய்விட்டது. மூன்றாவது புத்தகம் குமிழ்முனைப் பேனைக் காலத்தது. அதில் எழுத்து இருக்கிறது.

அந்த மூன்று ஆண்டுகளும் சங்கத்தின் செயலாளராக இருந்தவர் எனது அம்மம்மா. அவர் தெரிவானதை முந்தைய செயலாளர் எழுதிய பக்கம் சொல்கிறது. அதற்குப் பிறகு அவருடைய கையெழுத்தில் ஒரு வரியேனும் இல்லை.

மேசையில் இருந்த ஓட்டை

எம் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பழைய கட்டிடத்தின் மேசைகளில் வலது பக்க மூலையில் ஒரு வட்ட ஓட்டை இருந்தது. நாங்கள் அதற்குள் கடதாசித் துண்டுகளையும் புளியங்கொட்டைகளையும் போடுவோம். அது மைக்கூடு வைப்பதற்காக வெட்டப்பட்டது என்று சொல்லித் தந்தவரும் அம்மம்மாதான். அவரும் இதே பாடசாலையில் படித்தவர். அவருடைய காலத்தில் காலையில் ஒரு மாணவி மைப் போத்தலுடன் வரிசை வரிசையாகப் போய்க் கூடுகளை நிரப்புவாராம். அந்த வேலைக்குப் போட்டி இருந்ததாம்.

அதற்கும் முந்திய தலைமுறைகள் ஓலையில் எழுதின. எழுத்தாணியால் கீறி, கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால் கீறலுக்குள் கறுப்பு நிற்கும். ஓலையில் புள்ளி குத்தினால் துளை விழும் என்பதால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. படிப்பவரே ஊகித்துக் கொள்ளவேண்டும். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் பழைய ஏடுகளைப் பதிப்பிக்கப் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். தாளும் பேனையும் வந்த பிறகு புள்ளி வைப்பதற்கு யாரும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் உருக்கு முள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டு உலகெங்கும் போனது. எங்கள் மேசை ஓட்டைகள் அந்தக் காலத்துக்குரியவை. ஒரு தடவை தொட்டால் சில சொற்கள்தான் எழுதலாம். மறுபடியும் தொடவேண்டும். சிந்தினால் ஒற்றுத்தாள்.

அமெரிக்காவில் லூயிஸ் வோட்டர்மன் 1884ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பேனை இந்தத் தொல்லையைத் தீர்த்தது. பேனைக்குள்ளேயே மையை வைத்திருக்க முயன்றவர்கள் அவருக்கு முன்னரும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பேனைகள் ஒன்றில் எழுத மறுத்தன, அல்லது மையைக் கொட்டின. மருத்துவம் படித்த எங்களுக்கு இதன் காரணம் எளிதாக விளங்கும். முன்னர் சேலைன் கண்ணாடிப் போத்தலில் வந்த காலத்தில், காற்று உள்ளே போவதற்கென்று தனியாக ஓர் ஊசி குத்துவார்கள். அது இல்லாவிட்டால் சொட்டு நின்றுவிடும். பேனையும் அப்படித்தான். மை வெளியே வரவேண்டுமானால் அந்த அளவு காற்று உள்ளே போகவேண்டும். முள்ளின் அடியில் இருக்கும் நாக்கில் மெல்லிய பள்ளங்கள் வெட்டி, மை இறங்கவும் காற்று ஏறவும் வழிசெய்ததே வோட்டர்மனின் வெற்றி. மயிர்த்துளைக் கவர்ச்சியால் மை தானாகவே முள்ளின் நுனிக்கு வந்து நிற்கிறது. தாளைத் தொட்டால் போதும், அழுத்தத் தேவையில்லை.

கடுக்காயும் அன்னபேதியும்

1991ஆம் ஆண்டு நான் ஆண்டு 6. அந்த வகுப்பில்தான் பென்சிலை விட்டுப் பேனை பிடிக்க அனுமதி. ஆனால் அது பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரியும் விளக்கில் படித்தோம். கடையில் பேனை கிடைத்தால் விலை கேட்கப் பயம். எழுதி முடிந்த கொப்பியின் ஓரங்களிலும் எழுதினோம்.

அம்மம்மா ஒருநாள் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் அன்னபேதியும் வாங்கிவந்தார். கடுக்காயை இடித்து, கொட்டையை எடுத்துவிட்டு, தோலை அவித்துத் துணியால் வடித்தார். பழுப்பு நிறத் தண்ணீர். அதில் அன்னபேதியைக் கரைத்ததும் என் கண்முன்னே அது கறுத்துப் போனது. கொஞ்சம் வேப்பம் பிசின் சேர்த்தார். பழைய பெட்டியிலிருந்து ஒரு தொட்டெழுதும் பேனையையும் எடுத்துத் தந்தார். “இதைத் தொட்டு எழுது பிள்ளை. மைப்பேனைக்குள்ள மட்டும் விட்டிடாதை” என்று சொன்னார்.

அவரிடம் ஒரு கறுப்பு மைப்பேனை இருந்தது. கழுத்தைக் கழற்றி பில்லரால் மை விடும் வகை. முள் தங்கம். அதை யாரும் தொடக்கூடாது. நான் தொட்டேன். அவர் கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் செய்த அந்த மையை அதற்குள் விட்டு இரண்டு பக்கம் எழுதினேன். அப்படி ஒரு சுகத்தை என் கை அதுவரை அறிந்திருக்கவில்லை. கழுவாமல் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டேன். சில வாரங்களுக்குப் பிறகு அம்மம்மா எடுத்தபோது பேனை எழுதவில்லை. பிசினும் கறுப்பு வண்டலும் நாக்கின் பள்ளங்களை அடைத்து இறுகியிருந்தன. அவர் என்னை ஏசவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அன்று அம்மம்மா செய்த மையின் இரசாயனத்தை உயர்தர வகுப்பில்தான் விளங்கிக்கொண்டேன். கடுக்காயில் இருப்பது தனின் என்னும் துவர்ப்புப் பொருள். அன்னபேதி என்பது பெரசு சல்பேற்று, அதாவது இரும்பின் உப்பு. இரண்டும் சேர்ந்து தாளில் பட்டதும் காற்றிலுள்ள ஒட்சிசன் இரும்பை மாற்றுகிறது. தண்ணீரில் கரையாத கறுப்புப் பொருள் ஒன்று தாளின் நார்களுக்குள்ளேயே உண்டாகிறது. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதிலாக மாசிக்காயைப் போட்டு இதே முறையில் பல நூற்றாண்டுகளாக மை செய்தார்கள்.

இந்த மையைப் பெரிய வணிகப் பொருளாக்கியவர் ஒரு வைத்தியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஹென்றி ஸ்டீபன்ஸ் இலண்டனில் மருத்துவம் பயின்றவர். கவிஞர் ஜோன் கீற்ஸுடன் ஒரே விடுதியில் தங்கியிருந்த சக மாணவர். அவர் 1832இல் தமது நீலக்கறுப்பு மையை விற்கத் தொடங்கினார். இரும்பு மை புதிதாக எழுதும்போது வெளிறியே இருக்கும். கறுக்க நேரம் எடுக்கும். எழுதுபவருக்கு எழுத்துத் தெரியவேண்டுமே என்று அவ்வகை மையில் நீலச் சாயம் சேர்ப்பார்கள். எழுதும்போது கண்ணுக்குத் தெரிவது நீலம், பின்னர் நிலைப்பது கறுப்பு. நீலக்கறுப்பு என்ற பெயரின் பொருள் இதுதான். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை இவ்வகை மையால் எழுதவேண்டும் என்ற வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது.

இதில் குறையும் உண்டு. இந்த மையில் அமிலம் இருக்கிறது. உருக்கு முள்ளை அரிக்கும். தங்க முள்ளை அரிக்காது. இரும்பு அதிகமானால் காலப்போக்கில் தாளையும் அரிக்கும். எமது முதலாவது குறிப்பேட்டில் சில எழுத்துகளின் சுழிகள் உதிர்ந்து துளையாகியிருப்பது இதனால்தான்.

சட்டையில் பட்டால் போகும் மை

1931இல் பார்க்கர் நிறுவனம் குயிங்க் என்ற மையை அறிமுகப்படுத்தியது. விரைவில் காயும், பேனையை அடைக்காது என்பது அதன் பெருமை. இத்தகைய புதிய மைகளில் இரண்டு வகை விற்பனைக்கு வந்தன. ஒன்று நிலைத்து நிற்பது. மற்றது கழுவினால் போவது. கழுவினால் போகும் நீலத்தில் இரும்பு இல்லை, தண்ணீரில் கரையும் சாயம் மட்டுமே. கண்ணைப் பறிக்கும் நிறம். வெள்ளைச் சீருடை அணியும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதைத்தான் விரும்பினார்கள். இரும்பு மை சட்டையில் பட்டால் தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டு வெயிலில் காயவைத்து, மறுபடியும் அதையே செய்து ஒரு நாள் போய்விடும்.

அம்மம்மா செயலாளராக இருந்த காலத்தில் வெள்ளைச் சேலை உடுத்துப் படிப்பிக்கப் போய்வந்த இளம் ஆசிரியை. கைக்குழந்தையும் இருந்தது. அவர் நீலத்தைத் தெரிவு செய்ததில் வியப்பில்லை. தலைவி மூத்தவர், பழைய வழக்கத்தை விடாதவர். அடுத்த கூட்டத்தில் குறிப்பு வாசித்து ஏற்கப்பட்டதும் தமது நீலக்கறுப்பு மையால் ஒப்பமிட்டார்.

அதன் பின் நாற்பது ஆண்டுகள் அந்தப் பக்கங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் அடியெடுத்து வைக்க இடமில்லை. மழை. அப்போது சங்கத்தின் பொருளாளராக இருந்த ஆசிரியை தமது சைக்கிள் கரியரில் உடுப்புப் பையோடு மூன்று குறிப்பேடுகளையும் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார். அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது அவற்றையும் கொண்டுவந்து சேர்த்தார். அந்த இரவில் தம்முடைய எத்தனையோ பொருட்களை விட்டுவிட்டுத்தான் அவர் இவற்றை எடுத்திருப்பார். தமது பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார், ஆகவே போடவில்லை.

மூன்று புத்தகங்களும் ஒரே பையில், ஒரே மழையில் நனைந்தன. இரும்பு மை நின்றது. குமிழ்முனைப் பேனையின் மையும் நின்றது, ஏனென்றால் அது எண்ணெய்த் தன்மையுள்ள பசை. அம்மம்மாவின் நீலம் மட்டும் போனது.

குமிழ்முனை அழுத்தி எழுதுவதால் மை போனாலும் தாளில் பள்ளம் இருக்கும். சாய்வான வெளிச்சத்தில் சிலவேளை வாசிக்கலாம். மைப்பேனை தாளை அழுத்துவதில்லை. அந்த மூன்று ஆண்டுப் பக்கங்களையும் நான் விளக்கின் முன் எல்லாப் பக்கமாகவும் சாய்த்துப் பார்த்துவிட்டேன். ஒரு தடமும் இல்லை.

குறிப்பேடுகள் திரும்பி வந்தபோது அம்மம்மா உயிரோடு இருந்தார். அவருக்குக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். “சட்டையில பட்டாப் போகவேணும் எண்டுதான் அந்த மையை வாங்கினனான். சொன்னபடி போயிட்டுது” என்றார். அப்போது அவரிடம் அந்தக் கூட்டங்களைப் பற்றிக் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று பதினாறு வயதான எனக்குத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இப்போதும் இருக்கிறது.

குமிழ்முனையும் நானும்

ஹங்கேரியரான லாஸ்லோ பீரோ 1938இல் குமிழ்முனைப் பேனைக்குக் காப்புரிமை பெற்றார். 1945இல் நியூயோர்க் கடைகளில் அவ்வகைப் பேனை விற்பனைக்கு வந்தபோது கூட்டம் அலைமோதியது. சிந்தாது, மை நிரப்ப வேண்டாம், கார்பன் தாள் வைத்து மூன்று படி எழுதலாம். அலுவலகங்கள் மாறியதற்கு இந்தக் கடைசிக் காரணம் முக்கியமானது. வைத்தியசாலையும் ஓர் அலுவலகம்தான்.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் நானும் மலிவான குமிழ்முனையால்தான் எழுதினேன், அதுவும் ஓடிக்கொண்டே எழுதினேன். ஒரு நள்ளிரவில் நான்கு அலகு இன்சுலின் எழுதி, அலகு என்பதற்கு ஆங்கிலத்தின் ‘யூ’ எழுத்தை மட்டும் போட்டேன். அந்த எழுத்தின் வாய் மூடிப் பூச்சியம் போல நின்றது. கடமையில் இருந்த தாதி, “டொக்டர், நாற்பதா?” என்று வந்து கேட்டார். அவர் கேட்டிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை இப்போதும் நினைக்க விரும்புவதில்லை. அலகு என்பதை முழுச்சொல்லாக எழுதவேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். அவசரத்தில் கை அதைச் செய்யவில்லை.

அடுத்த சம்பளத்தில் ஒரு சீன மைப்பேனை வாங்கினேன். மைப்பேனையால் கிறுக்க முடியாது என்றில்லை. ஆனால் அது கையைக் கொஞ்சம் நிதானப்படுத்துகிறது. முள்ளைச் சரியான கோணத்தில் பிடிக்கவேண்டும், காயும்வரை கையை எடுக்கவேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் எழுதியதை ஒரு தடவை கண் பார்க்கிறது. எங்கள் தமிழ் ஆசிரியை, “எழுத்து உனக்கில்லை, வாசிக்கிறவைக்கு” என்று சொல்லுவா. அது வார்ட்டிலும் பொருந்தும் என்பதை அந்த இரவு எனக்குக் காட்டியது.

இன்று கணினியில் மருந்து எழுதும் இடங்கள் பெருகிவிட்டன. அது நல்லதே. ஆனாலும் காலையில் வேலைக்குப் போகுமுன் பேனையை மைக்குள் அமிழ்த்தி நிரப்பும் அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிரியமானது. மையின் மணம், விரலில் ஒட்டும் நீலம், ‘ழ’வின் சுழியில் மை கொஞ்சம் தேங்கிக் காய்வது, இவையெல்லாம் காசு கொடுத்து வாங்கமுடியாத சுகங்கள்.

மைப்பேனையை விரும்பும் தங்கைமாருக்குச் சில சொற்கள். மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் பேனையைக் கழுவுங்கள். பிசினோ அரக்கோ சேர்ந்த சித்திர மைகளை உள்ளே விடவேண்டாம். இரும்பு மையை வாரக்கணக்கில் பேனைக்குள் காயவிடவேண்டாம். மை ஊறும் கொப்பியில் மெல்லிய முள்ளையே பாவியுங்கள். இன்று நீலக்கறுப்பு என்று விற்பவற்றுள் பெரும்பாலானவை சாயம் மட்டுமே. நிறத்தை நம்பாமல் விபரத்தை வாசித்து வாங்குங்கள்.

திரும்ப எழுதிய பேனை

கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது, அதைத் தேநீரோடு குடிக்கவேண்டாம், தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள் என்று சொல்வோம். அந்த மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது அன்னபேதியேதான். தேநீரில் இருப்பது தனின். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள்ளே அம்மம்மாவின் மை உண்டாகிவிடும். இரும்பு உடம்பில் சேராது. தேசிக்காயிலுள்ள விற்றமின் சி அதைத் தடுத்து இரும்பைக் கரைசலில் வைத்திருக்கும். இதை ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்த எனக்கு, குறிப்பேடுகளைப் படம்பிடித்த கிழமையில்தான் ஒன்று உறைத்தது.

அம்மம்மாவின் பேனை எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. அதன் கழுத்தை விற்றமின் சி மாத்திரை கரைத்த தண்ணீரில் ஊறவைத்தேன். முதல் நாள் தண்ணீர் பழுப்பானது. பின்னர் வெறும் தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவிட்டேன். ஐந்தாம் நாள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான கறுப்பு வண்டல் கழன்று வந்தது. தங்க முள் அப்படியே இருந்தது. மை விட்டுத் தாளில் வைத்தேன். எழுதியது.

சங்கத்திடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. நூற்றாண்டுக்காகத் திறக்கப்படும் புதிய பதிவேட்டில் பெயர்களை நிலைக்கும் மையால் எழுதுவோம். படியையும் வேறோர் இடத்தில் வைப்போம். இரண்டாவது, ஐம்பதுகளின் நடுப்பகுதியில் சங்கத்திலிருந்து உங்கள் அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ வந்த கடிதம், கூட்ட அறிவித்தல், பற்றுச்சீட்டு எதுவாயினும் வீட்டில் இருந்தால் அதன் படமொன்றைச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். அந்தக் கூட்டங்களின் திகதிகள் தலைவியின் கையொப்பத்தால் எமக்குத் தெரியும். அந்த நாட்களில் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதை மற்றவர்களின் பெட்டிகளில் இருந்துதான் இனிச் சேர்க்கவேண்டும்.

விழா நாளன்று பதிவேட்டின் பக்கத்தில் அம்மம்மாவின் பேனையை நீலக்கறுப்பு மை நிரப்பி வைப்பேன். வருகின்ற ஒவ்வொருவரும் அதனால் தமது பெயரை எழுதவேண்டும் என்பது என் ஆசை. அழுத்தவேண்டாம், தொட்டால் போதும், அது எழுதும்.